பின்னறையில் ஏன் முழு சிக்னல்?

அத்தியாயம் ஒன்பது

“கையெழுத்துகூடப் போட்டாச்சா?”

கேள்வி வந்த வேகத்தில் கணக்கு டீச்சர் கையிலிருந்த தாளை மார்போடு அணைத்துக்கொண்டார். இருபத்தெட்டு வருடம் வகுப்பறையில் அடுத்தவர்களை மிரட்டியே பழகிய அம்மாள் அவர். தன் வீட்டு ஹாலில், தன் நாற்காலியில் சட்டமாக உட்கார்ந்துகொண்டு ஒருத்தி தன்னை மிரட்டுவாள் என்று எதிர்பார்க்கவில்லை.

மிரட்டியவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. துப்பறியும் தொழிலுக்கு வந்த பதினெட்டு வருடத்தில் அதை எல்லோரும் மறந்துவிட்டார்கள். முகத்துக்கு நேரே மேடம். முதுகுக்குப் பின்னால் மிளகாய். இரண்டாவது பெயர் தனக்குத் தெரியும் என்பதை அவள் காட்டிக்கொள்வதில்லை. காட்டிக்கொண்டால் அதற்கும் சேர்த்துக் கோபப்பட வேண்டியிருக்கும். இருக்கிற கோபத்துக்கே நாள் போதவில்லை.

“வினாத்தாள் வெளியே போனதுக்கு நாலு மணிக்குள்ள புகார் எழுதிக் குடுக்கலைன்னா என் மேலயே போலீசுக்குப் போயிடுவேன்னு ஸ்கூல் தாளாளர் சொல்லிட்டார்,” என்றார் டீச்சர். “நான் வேற என்ன செய்ய?”

“அதனால மருமக பேரை எழுதிட்டீங்க.”

“அன்னிக்கு வீட்ல வேற யாரு இருந்தா? நானும் அவளும்தான். வினாத்தாள் என் பீரோவுல. சாவி எப்பவும் என் கையில. நான் குளிக்கப் போன பத்து நிமிஷம் மட்டும் மேஜை மேல இருந்துச்சு. அந்தப் பத்து நிமிஷத்துல போட்டோ எடுத்து அனுப்பியிருக்கா.”

மருமகள் சமையலறை வாசலில் நின்றிருந்தாள். மிளகாயை அழைத்தவளே அவள்தான். இரண்டு நாள் அழுது தீர்த்துவிட்டதால் கண்ணில் ஈரம் இல்லை. வெளியூரில் வேலையிலிருக்கும் கணவனுக்கு ஏழு முறை போன் செய்தாளாம். ஏழாவது முறை அவன் எடுத்து, “அம்மா சொல்றபடி கேளு,” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டானாம். இந்த வழக்கை மிளகாய் எடுத்துக்கொண்டதே அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான்.

“பாவம், அக்கா மனசு கேக்கவே இல்ல. நான்தான் ஒவ்வொரு வார்த்தையாச் சொல்லி எழுத வெச்சேன்,” என்றார் சோபாவில் சாய்ந்திருந்தவர். டீச்சரின் தம்பி. பக்கத்துப் போர்ஷனில் டியூஷன் நடத்துகிறார். தெருவே அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். “குடும்ப மானம்னு பார்த்தா அக்காவோட வேலை போயிடும். ஸ்டாஃப் ரூம்ல எல்லார் முன்னாடியும் அக்கா தைரியமாச் சொல்லிட்டு வந்துட்டாங்க, இவதான்னு. சொன்னப்புறம் பின்வாங்க முடியுமா?”

“வாசகம் பிரமாதம் சார்,” என்றான் ஒட்டடை. டீச்சரின் தோளுக்கு மேலாகத் தாளை எட்டிப் பார்க்க அவன் நிமிரக்கூட வேண்டியிருக்கவில்லை. ஆறடி மூன்றங்குல உயரம், அதற்குப் பொருந்தாத அகலம், நாற்பது வயது, மிளகாயின் ஒரே உதவியாளன். “‘என் மருமகளாகிய’ன்னு கிளம்பி ‘தக்க தண்டனை’ வரைக்கும் ஒரே மூச்சு. முன்னாடியும் எழுதிப் பழக்கமா?”

மாஸ்டர் முறைத்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தேர்வு தள்ளிப்போனதால் பிள்ளைகளுக்கு விடுமுறை, இரண்டு மணிக்கே வகுப்பு என்று சொல்லிவிட்டுப் போனார்.

“வெளியே போன வினாத்தாளோட படம் இருக்கா?” என்று கேட்டாள் மிளகாய்.

மருமகள் தன் போனை நீட்டினாள். அரை ஊர் பார்த்துவிட்ட படம். அச்சடித்த தாளை யாரோ மேஜையில் விரித்து எடுத்திருந்தார்கள்.

“பீரோவுல இருக்கறதை எடுங்க டீச்சர்.”

டீச்சர் எடுத்து வந்தார். ஒரு கையில் தாள், மறு கையில் போன். மிளகாய் ஒவ்வொரு கேள்வியாகப் படித்துக்கொண்டே போனாள். பதினான்காவது கேள்வியில் நின்றாள்.

“நீ படி.”

ஒட்டடை போனைப் பார்த்துப் படித்தான். “ஒரு வீட்டின் தண்ணீர்த் தொட்டி நூற்று நாற்பது மீட்டர் ஆழமுள்ளது… மேடம், இது தொட்டியா, கடலா? கப்பல் விடறாங்களா உள்ளே?”

“தாள்ல என்ன இருக்கு?”

“நூற்று நாற்பது சென்டிமீட்டர்.”

டீச்சரின் முகம் மாறியது. “அது… முதல்ல தப்பா அடிச்சிருந்தேன். பார்த்துத் திருத்திட்டேன். திருத்தினதுக்கு அப்புறம்தான் பிரிண்ட் எடுத்து பீரோவுல வெச்சேன்.”

“அப்போ பீரோவுல இருக்கற தாளைப் போட்டோ எடுத்தா தப்பு இருக்காது. வெளியே போனதுல தப்பு இருக்கு. பீரோவையும் சாவியையும் பத்து நிமிஷக் குளியலையும் தூக்கிக் குப்பையில போடுங்க.” மிளகாயின் குரல் உயரவில்லை, உயராதபோதுதான் ஒட்டடைக்குப் பயமாக இருக்கும். “ரெண்டு நாள். இந்த ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பார்க்க உங்க யாருக்கும் ரெண்டு நாள்ல ரெண்டு நிமிஷம் கிடைக்கல. ஊரார் பிள்ளைங்களுக்கு இருபத்தெட்டு வருஷம் விடையைச் சரிபாருன்னு சொல்லிக் குடுத்தவங்க நீங்க!”

மருமகள் ஓர் அடி முன்னால் வந்தாள்.

“எங்கே உக்காந்து அடிச்சீங்க?” என்று டீச்சரைக் கேட்டாள் மிளகாய்.

பின்னறை. சிறிய அறை. மேஜை, லேப்டாப், பக்கத்துப் போர்ஷனோடு சேர்ந்த ஒற்றைச் சுவர். பிரிண்டரும் ரூட்டரும் ஹாலில், டிவிக்குப் பக்கத்தில்.

“அன்னிக்கு நடந்ததை அப்படியே சொல்லுங்க. ஒண்ணும் விடாதீங்க.”

“அடிச்சு முடிச்சேன். இங்கிருந்தே பிரிண்ட் குடுத்தேன். ஹால்ல போய்ப் பார்த்தா ஒண்ணும் வரல. திரும்பக் குடுத்தேன், வரல. மூணாவது தடவையும் வரல. பிரிண்டர் மக்கர் பண்ணுதுன்னு திட்டிக்கிட்டே உக்காந்தேன். அப்பதான் அந்தப் பதினாலாவது கேள்வி கண்ணுல பட்டுச்சு. திருத்தினேன். லேப்டாப்பை மூடி ஹாலுக்கே தூக்கிட்டுப் போய்க் குடுத்தேன். உடனே வந்துடுச்சு.”

“லேப்டாப் என்ன சொல்லுச்சு? பிரிண்ட் ஆகலைன்னு காட்டுச்சா?”

“இல்லையே. ஆயிடுச்சுன்னுதான் காட்டுச்சு. மூணு தடவையும்.”

“அப்போ ஆயிடுச்சு,” என்றாள் மிளகாய். “மூணு தடவையும் எங்கேயோ ஆகியிருக்கு.”

ஒட்டடை அறைக்கும் ஹாலுக்கும் நடுவில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தான். இந்த வீட்டு வைஃபையின் பாஸ்வேர்டை வந்த ஐந்தாவது நிமிடமே மருமகளிடம் வாங்கிவிட்டிருந்தான். எந்த வீட்டுக்குப் போனாலும் அவன் கேட்கும் முதல் கேள்வி அதுதான், தண்ணீர்கூட இரண்டாவதுதான்.

“கிரிக்கெட் பார்க்கறியா?” என்று பல்லைக் கடித்தாள் மிளகாய்.

“பார்த்தேன் மேடம். பார்க்க விடல. ஹால்ல முழு சிக்னல். நடையில வந்தா ஒரே ஒரு கோடு, ஆட்டம் அப்படியே நிக்குது. சரி, ரூட்டரை விட்டுத் தள்ளி வந்துட்டோம்னு பார்த்தா, இந்தப் பின்னறையில மறுபடியும் முழு சிக்னல். தள்ளிப் போகப் போகக் குறையணும் இல்லையா? இங்கே போய்ட்டுத் திரும்பி வருது. ஏழு விக்கெட்டு.”

மிளகாய் சுவரைப் பார்த்தாள். பிறகு டீச்சரைப் பார்த்தாள்.

“ரூட்டரை யார் மாட்டினது?”

இரண்டு தெரு தள்ளி நெட்காரரின் கடை. கடை என்றால் ஒரு மேஜை, மேஜையை மூழ்கடிக்கும் ஒயர், ஒயருக்கு நடுவில் அவர். ஒரு முனையைப் பல்லால் கடித்து உரித்துக்கொண்டே பதில் சொன்னார்.

“நான்தான் மாட்டினேன். ரெண்டு மாசம் ஆச்சு. பழசு நல்லாத்தான் இருந்துச்சு. கம்பெனி புதுசு குடுத்துச்சு, மாத்தினேன்.”

“வைஃபை பேரும் பாஸ்வேர்டும் புதுசாப் போட்டீங்களா?”

“போட விட்டாங்களா? வீட்ல போனு, டிவி, லேப்டாப்புன்னு பதினோரு சாமான் இருக்கு, ஒவ்வொண்ணுலயும் உக்காந்து பாஸ்வேர்ட் தட்ட யாருக்கு நேரம்னு டீச்சரம்மா கத்தினாங்க. சரின்னு புது ரூட்டர்லயும் பழைய பேரு, பழைய பாஸ்வேர்டே போட்டேன். அப்படிப் போட்டா எதையும் தொட வேணாம். எல்லாம் தானாச் சேர்ந்துக்கும்.”

“பழைய ரூட்டர்?”

“வீணா எதுக்குக் கிடக்கணும்னு மாஸ்டர் வாங்கிக்கிட்டார். அவரோட லைனுக்கு மாட்டிக் குடுத்தேன்.”

“அதுல இருந்த பேரு, பாஸ்வேர்டு?”

பல்லுக்கு நடுவில் ஒயர் நின்றது.

“மாத்தல.”

“ஏன்?”

“அவர் போன்லயும் அக்கா வீட்டு வைஃபைதானே இருந்துச்சு. அதுவும் தானாச் சேர்ந்துக்கும்னு…”

“எல்லாம் தானாச் சேர்ந்துக்குது,” என்றான் ஒட்டடை. “குடும்பம்தான் பிரியுது.”

மிளகாய் மேஜையின் மேல் இரண்டு கையையும் ஊன்றினாள். “ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு வைஃபை, அந்தப் பக்கம் ஒண்ணு. ரெண்டுக்கும் ஒரே பேரு, ஒரே பாஸ்வேர்டு. பின்னறையில இருக்கற லேப்டாப் எதுல சேரும்?”

“எது பக்கத்துல இருக்கோ அதுல. சுவருக்கு அந்தாண்டதான் மாஸ்டர் ரூட்டர்.” நெட்காரர் ஒயரைக் கீழே வைத்துவிட்டார். “ஆனா பிரிண்டர் வேற ஆச்சே மேடம்…”

“அதைத்தான் கேக்க வந்தேன். பிரிண்டரை எப்படிப் போட்டீங்க?”

“ரெண்டு பேரும் ஒரே நாள்ல ஒரே மாடல் வாங்கினாங்க. வைஃபைக்குள்ள ஒவ்வொரு சாமானுக்கும் வீட்டு நம்பர் மாதிரி ஒரு நம்பர் உண்டு. நான் எந்த இடத்துல பிரிண்டர் மாட்டினாலும் அம்பதுதான் போடுவேன். எனக்கு மறக்காது.”

சொல்லி முடிக்கும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. முகம் வெளிறியது.

“லேப்டாப்புக்கு அக்கா பிரிண்டர், தம்பி பிரிண்டர்னு தெரியாது,” என்றாள் மிளகாய். “அம்பதாம் நம்பர் எங்கேன்னுதான் கேக்கும். எந்த வைஃபையில இருக்கோ, அங்கே இருக்கற அம்பது. உங்க ஞாபகசக்திக்கு வசதியா இருக்கட்டும்னு நீங்க போட்ட நம்பர், இன்னிக்கு நாலு மணிக்கு ஒரு பொண்ணைப் போலீஸ் ஸ்டேஷன்ல உக்கார வைக்கப் போகுது. சாயங்காலம் ரெண்டு வீட்டுக்கும் போய் எல்லாத்தையும் மாத்துங்க. நான் வந்து பார்ப்பேன்.”

வெளியே வந்ததும் ஒட்டடை கேட்டான்: “இதை அப்படியே தாளாளர்கிட்ட சொல்லிடலாமே மேடம்?”

“சொன்னா? ‘வரல, நான் பார்க்கவே இல்ல’ன்னு மாஸ்டர் ஒரே வார்த்தையில முடிச்சுடுவார். பிரிண்டர் தட்டுல இருந்து தாளை எடுக்கறப்ப அவர் மூஞ்சி எப்படி இருக்குன்னு ஒரு ஆள் பார்க்கணும். உனக்குப் பொண்ணு இருக்கில்ல?”

“இருக்கு. கணக்குல என்னை மாதிரி.”

“டியூஷன்ல சேர்க்கப் போ.”

மணி மூன்று பத்து. ஹாலில் மிளகாய் ரூட்டரின் ஒயரைப் பிடுங்கினாள். அடுத்த நொடியே டிவி உறைந்தது. மருமகளின் போனில் நெட் இல்லை என்று காட்டியது. டீச்சரை அழைத்துக்கொண்டு பின்னறைக்குப் போனாள். ரூட்டரே செத்துக் கிடக்கிற வீட்டில், மேஜை மேலிருந்த லேப்டாப் முழு சிக்னலோடு ஜம்மென்று இருந்தது.

“இது எப்படி?” என்றார் டீச்சர்.

“இப்ப தெரியும்.” மிளகாய் நின்றபடியே ஒரு வரி தட்டினாள். டீச்சரை மேஜை முன்னால் உட்கார வைத்தாள். “அன்னிக்கு எப்படிக் குடுத்தீங்களோ அப்படியே பிரிண்ட் குடுங்க.”

டீச்சர் கொடுத்தார். ஹாலில் பிரிண்டர் அசையவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ விழித்துக்கொண்டு முனகுவது கேட்டது. தாள் இழுபடும் சத்தம். டீச்சர் எழுந்து சுவரில் காதை வைத்தார். வைத்த காதை எடுக்கவே இல்லை.

இரண்டே நிமிடத்தில் வாசல் கதவு திறந்தது. இருவரும் ஹாலுக்கு வந்தார்கள். முன்னால் மாஸ்டர், பின்னால் ஒட்டடை. தாள் ஒட்டடையின் கையில் இருந்தது.

“நான் சேர்க்கை விவரம் கேட்டுக்கிட்டிருந்தேன் மேடம். பிரிண்டர் ஓடுச்சு. சாருக்கு யார் அனுப்பினாங்கன்னு ஆச்சரியமே இல்ல. பழகின விருந்தாளி வந்த மாதிரி நேராப் போய்க் கையை நீட்டினார். என் கை கொஞ்சம் நீளம், முந்திக்கிச்சு. நான் படிச்சுக் காட்டினதும் சார் நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டார்.”

மிளகாய் தாளை வாங்கி டீச்சரிடம் கொடுத்தாள். அதில் ஒரே வரி இருந்தது. ‘மாஸ்டர், மூன்று பிரதியும் முழுசாக வந்ததா?’

“அக்கா, நான் தேடிப் போய்த் திருடல,” என்றார் மாஸ்டர். “தானா வந்து விழுந்துச்சு.”

“விழுந்ததும் சுவரைத் தட்டி ‘அக்கா, உன் தாள் இங்கே வந்துடுச்சு’ன்னு சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?” மிளகாய் அவர் முகத்துக்கு நேரே போய் நின்றாள். “ஆண்டுத் தேர்வுன்னு மேலேயே போட்டிருக்கு. தெரிஞ்சேதான் டியூஷன்ல ‘முக்கியமான கணக்கு’ன்னு குடுத்தீங்க. உங்க பிள்ளைங்க நல்லா எழுதினா உங்களுக்குப் பேர். அதுல ஒருத்தர் போட்டோ எடுத்து ஊரெல்லாம் அனுப்பிட்டாங்க. சரி, அதுவரைக்கும் பேராசை. அதுக்கப்புறம் செஞ்சீங்களே, அதுக்கு என்ன பேரு? இந்தச் சோபாவுல உக்காந்து, இந்தப் பொண்ணு குடுத்த டீயைக் குடிச்சுக்கிட்டே, இவளை உள்ளே தள்ள வார்த்தை வார்த்தையாச் சொல்லி எழுத வெச்சீங்களே! உடம்பு கூசல?”

மாஸ்டர் தரையைப் பார்த்தார். கூசியதா இல்லையா என்பது தரைக்குத்தான் தெரியும்.

டீச்சர் மெதுவாக உட்கார்ந்தார். புகார்த் தாளைப் பிரித்தார். பேனாவை எடுத்து மருமகளின் பெயரை அடித்தார். ஒரு தடவைக்கு மூன்று தடவை அழுத்தி அடித்தார். அந்த இடத்துக்கு மேல் தம்பியின் பெயரை எழுதப் பேனாவைக் கொண்டுபோனார். பேனா நின்றுவிட்டது.



“பிரிண்டை அழுத்தினது என் கைதானே,” என்றார் டீச்சர், யாரையும் பார்க்காமல். “மூணு தடவையும் நான்தானே அனுப்பினேன். என் அஜாக்கிரதைன்னு என் பேரையே எழுதிக் குடுத்துடறேன். வேலை போனாப் போகட்டும். அவனுக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்கு…”

மிளகாய்க்கு உச்சந்தலை வரை ஏறிய கோபம் வாய்க்கு வருவதற்குள் மருமகள் பேசிவிட்டாள். அந்த மத்தியானத்தில் அத்தையிடம் அவள் பேசிய முதல் பேச்சு அது.

“தம்பியைக் காப்பாத்த உங்க வேலையையே விடறீங்க. நல்லது அத்தை. என் பேரை எழுதறப்ப உங்க பேனா நிக்கவே இல்லையே. நானும் ஒரு வீட்டுக்குப் பொண்ணுதானே? ‘நீயா செஞ்சே?’ன்னு ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாம். நீங்க கேக்கல. உங்க பையனும் கேக்கல. நீங்க ‘ஏன் செஞ்சே’ன்னு கேட்டீங்க. அவர் ‘அம்மா சொல்றபடி கேளு’ன்னு வெச்சுட்டார்.”

“அம்மா, நான்…” என்று தொடங்கினார் டீச்சர்.

“எனக்கு வேலை பார்க்கறவங்க இவங்க.” மருமகள் மிளகாயைக் காட்டினாள். “நடந்தது எல்லாத்தையும் இவங்க எழுதிக் குடுப்பாங்க. தொட்டியில இருந்து அம்பதாம் நம்பர் வரைக்கும். யார் பேர் எங்கே வரணுமோ அங்கே வரும். அதை எடுத்துக்கிட்டு நான் ஸ்கூலுக்குப் போறேன்.”

மாஸ்டர், “அக்கா, ஏதாவது சொல்லு,” என்றார். டீச்சர் பேனாவை மூடி வைத்தார்.

மிளகாய் ஏற்கெனவே எழுத உட்கார்ந்துவிட்டாள். ஒன்றரைப் பக்கம். கடைசி வரியை எழுதும்போது பேனா காகிதத்தைக் கிழித்தது. அதில் மாஸ்டரின் பெயர் இருந்தது. ஒட்டடை சாட்சிக் கையெழுத்துப் போட்டான்.

மணி மூன்று நாற்பது. மருமகள் தாளை வாங்கிக்கொண்டு வாசலில் இறங்கினாள்.

“நில்லும்மா,” என்று டீச்சர் எழுந்தார். “நானும் வர்றேன். வழியில உன்கிட்ட கொஞ்சம் பேசணும்.”

மருமகள் நின்றாள். திரும்பவில்லை.

“வாங்க. ஆனா வழியில ஒண்ணும் பேச வேணாம் அத்தை. என்கிட்ட தனியாச் சொல்றது எதுவும் எனக்கு வேணாம். ஸ்டாஃப் ரூம்ல எத்தனை பேர் முன்னாடி என் பேரைச் சொன்னீங்களோ, அத்தனை பேரையும் கூப்பிட்டு உக்கார வெச்சுப் பேசுங்க. நான் அங்கே நின்னு கேக்கறேன்.”